தொலைவிலிருந்து அலுவலகக் கணினியை இயக்குதல்: சிறு, நடுத்தரத் தொழில் நிலையங்களுக்குரிய பாதுகாப்பு முறைகள்

ஒரு தொழில் நிலையத்தின் கணக்கேடுகளும், வரைபடங்களும், விலைப் பட்டியல்களும் முன்னொரு காலத்தில் முதலாளியின் அறையிலிருந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. அவற்றைப் பார்க்க விரும்பியவர் அந்த அறைக்கே வரவேண்டியிருந்தது. இன்று அவை யாவும் அலுவலகக் கணினியில் அடங்கியிருக்கின்றன. அக்கணினியை இணையத்தின் வாயிலாக எவ்வூரிலிருந்தும் இயக்கவும் இயலுகின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் தேதி நாடு முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கியபோது இவ்வசதியின் பயன் யாவருக்கும் புலப்பட்டது. முடக்கம் நீங்கிய பின்னரும் அவ்வழக்கம் நீங்கவில்லை. ஆனால், அவசரத்தில் திறந்த ஒரு வழியைப் பின்னர் முறையாகச் சீர்செய்யாது விட்டுவிடுதல் எளிது. முதலாளி நுழையும் அதே வழியில் திருடனும் நுழையக்கூடும் என்பது திருட்டு நிகழ்ந்த பின்னரே பல இடங்களில் நினைவுக்கு வருகின்றது.

பெரிய நிறுவனங்களில் இதனைக் கவனிப்பதற்கென்று தனிப் பிரிவு உண்டு. சிறு நிலையங்களில் அத்தகைய ஏற்பாடு இராது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள வரையறைப்படி, யந்திர சாதனங்களில் 25 கோடி ரூபாய்க்கு மேற்படாத முதலீடும் 100 கோடி ரூபாய்க்கு மேற்படாத ஆண்டு விற்றுமுதலும் உடையது சிறு நிலையம். நடுத்தர நிலையத்திற்கு இவ்வரம்புகள் முறையே 125 கோடியும் 500 கோடியும் ஆகும். இந்நிலையங்களுக்குச் செல்லும் கள அலுவலரும், தொழிற்பயிற்சி நிலையங்களில் போதிக்கும் ஆசிரியரும் எளிதில் விளக்கிக் கூறத்தக்க முறையில் இப்பாடம் அமைக்கப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டாக ஒரு நிலையம்

குஜராத் மாநிலத்து ராஜ்கோட் நகரம் டீசல் என்ஜின்களுக்கும், வார்ப்பட வேலைக்கும், யந்திர உதிரிபாகங்களுக்கும் பெயர் பெற்றது. அங்கே நாற்பது தொழிலாளர் வேலை செய்யும் ஓர் உதிரிபாகப் பட்டறை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அதன் அலுவலகத்தில் ஆறு கணினிகள் உள்ளன. ஒன்றில் கணக்குகளும் ஊதியப் பட்டியலும், மற்றொன்றில் வாடிக்கையாளர் கொடுத்த வரைபடங்களும் உள்ளன. பட்டறையில் கணினியால் இயங்கும் கடைசல் யந்திரம் ஒன்றும் அதே வலைப்பின்னலில் இணைக்கப்பட்டிருக்கின்றது.

இந்நிலையத்திற்குத் தொலைவிலிருந்து நால்வர் வரவேண்டியிருக்கின்றது. வாடிக்கையாளரைக் காணப் புனே சென்றிருக்கும் முதலாளி ஒருவர். மாலையில் வீட்டிலிருந்து வேலை செய்யும் கணக்கர் மற்றொருவர். மூன்றாமவர் அகமதாபாத்திலுள்ள தணிக்கையாளர். நான்காமவர் கடைசல் யந்திரத்தை விற்ற கம்பெனியின் பழுதுபார்ப்பவர். நால்வரின் தேவைகளும் வெவ்வேறானவை. முதலாளிக்குப் பலவும் வேண்டும். தணிக்கையாளருக்கு ஆண்டில் சில வாரங்கள் கணக்கு மட்டும் வேண்டும். பழுதுபார்ப்பவருக்கு யந்திரம் பழுதான அன்று அந்த யந்திரம் மட்டும் வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இப்பாடத்தின் எஞ்சிய பகுதி எளிதில் விளங்கும்.

இந்நிலையத்தில் கணக்குக் கணினி முடங்கினால் நேரக்கூடியது யாது? அவ்வாரத்துக் கூலியைக் கணக்கிட இயலாது. சரக்கு அனுப்பும் சீட்டுகள் எழுத இயலாது. ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்யும் நாள் தவறும். பெரிய ஆலை சில நாட்கள் நின்றாலும் மீண்டெழ வல்லது. கடன் வாங்கி முதல் போட்டு நடத்தும் பட்டறைக்கோ பத்து நாள் முடக்கமே பெருஞ்சுமையாகிவிடும். ஆகவே இப்பொருள் கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. நாற்பது குடும்பங்களின் பிழைப்போடு தொடர்புடையது.

திறந்த வாயிலின் அபாயம்

இணையத்தில் இணைந்த ஒவ்வோர் இணைப்பிற்கும் ஒரு முகவரி எண் உண்டு. அம்முகவரியில் 'போர்ட்' எனப்படும் பல வாயில்கள் உண்டு. அவற்றுக்கு 65,535 வரை எண்ணிடப்பட்டிருக்கின்றது. விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்குவதற்குரிய 'ரிமோட் டெஸ்க்டாப்' என்னும் ஏற்பாட்டின் வழக்கமான வாயில் எண் 3389. அலுவலகத்தின் ரவுட்டரில் இவ்வாயிலை வெளியுலகிற்குத் திறந்துவிட்டால், முதலாளி புனேயிலிருந்து தம் கணினியை நேரே அடையலாம். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், செலவும் இல்லை. ஆதலால் பலரும் இம்முறையையே முதலில் நாடுகின்றனர்.

'இவ்வளவு பெரிய இணையத்தில் என் சிறிய பட்டறையை யார் தேடப்போகிறார்?' என்று முதலாளி கேட்பது இயல்பு. பழைய நான்காம் பதிப்பு முறையில் இணைய முகவரிகளின் மொத்தத் தொகை 2இன் 32ஆம் அடுக்கு, அஃதாவது ஏறத்தாழ 429 கோடி. இது பெருந்தொகையாகத் தோன்றலாம். ஆனால் 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 'இசட்-மேப்' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். அதனைக் கொண்டு, விரைவான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து, இம்முகவரிகள் யாவற்றிலும் குறிப்பிட்ட ஒரு வாயில் திறந்திருக்கின்றதா என்பதை 45 நிமிடத்திற்குள் சோதித்துவிடலாம் என்று அவர்கள் காட்டினர். ஆகவே திருடன் பட்டறையின் பெயரை அறிந்து வருவதில்லை. அவனுடைய யந்திரம் தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் வரிசையாகத் தள்ளிப் பார்க்கின்றது. திறந்த கதவு எவருடையது என்பதைப் பின்னரே அறிகின்றான்.

சிலர் 3389க்குப் பதிலாக வேறோர் எண்ணை வைத்துவிட்டு அஞ்சாதிருக்கின்றனர். அது கதவை வேறு சுவருக்கு மாற்றியது போன்றதே. மற்ற வாயில்களையும் சோதிக்கச் சிறிது காலமே கூடுதலாகும்.

வாயில் திறந்திருப்பதால் மற்றோர் அபாயமும் உண்டு. கடவுச்சொல் கேட்கும் மென்பொருளிலேயே குறை இருந்தால், கடவுச்சொல் இன்றியே உள்ளே நுழைந்துவிடலாம். 2019 மே மாதத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பில் அத்தகைய குறையொன்று வெளியாயிற்று. அதற்கு 'புளூகீப்' என்று பெயரிடப்பட்டது. அதன் கடுமையைக் கருதி, மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆதரவு நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் திருத்தம் வெளியிட்டது. வாயிலை வெளியே திறவாதிருந்தவர் அத்திருத்தத்தை இடுவதற்குச் சிறிது அவகாசம் பெற்றிருந்தனர். திறந்து வைத்திருந்தவருக்கு அவகாசமே இல்லை.

கடவுச்சொல் ஏன் தனியே போதாது?

ஆங்கிலச் சிற்றெழுத்துக்கள் எட்டினைக் கொண்டு அமைக்கக்கூடிய சொற்களின் தொகை 26இன் எட்டாம் அடுக்கு, அஃதாவது ஏறத்தாழ 20,882 கோடி. இவ்வெண்ணைக் கேட்டு மனநிறைவு அடைதல் தவறு. திருடனின் மென்பொருள் அத்தனையையும் சோதிப்பதில்லை. மக்கள் வழக்கமாக வைக்கும் பெயர்கள், பிறந்த ஆண்டுகள், வரிசை எண்கள் ஆகியவற்றையும், வேறு இணையதளங்களிலிருந்து முன்னரே களவுபோன கடவுச்சொற்களையும் முதலில் சோதிக்கின்றது. கணக்கர் தம் மின்னஞ்சலுக்கும் அலுவலகத்திற்கும் ஒரே சொல்லை வைத்திருப்பாராயின், ஓரிடத்துக் களவு இரண்டிடத்துக் களவாகிவிடுகின்றது.

இதற்கு 2021 மே 7ஆம் தேதி அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் தக்க சான்று. டெக்சாஸ் மாநிலத்திலிருந்து நியூ ஜெர்சிவரை எரிபொருளைக் கொண்டுசெல்லும் 'கொலோனியல்' குழாய்வழி நிறுவனத்தின் கணினிகளைக் குற்றவாளிகள் பூட்டிவிட்டனர். குழாய்வழி சில நாட்கள் நிறுத்தப்பட்டது. கிழக்குக் கரையோர மாநிலங்கள் பலவற்றில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. நிறுவனம் ஏறத்தாழ 44 இலட்சம் டாலர் மீட்புத் தொகை கொடுத்தது. நுழைந்த வழி யாது? தொலைவிலிருந்து இணைவதற்கென வைத்திருந்த, உபயோகத்தில் இல்லாத பழைய கணக்கு ஒன்றே. அதற்குக் கடவுச்சொல் மட்டுமே காவலாக இருந்தது. அக்கடவுச்சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதன்று என்றும் நிறுவனத்தின் தலைவர் அமெரிக்க செனட் குழுவின்முன் கூறினார். ஆகவே கடவுச்சொல் கடினமாயிருப்பது நன்று. ஆயினும் அது பிறர் கைக்குப் போய்விட்டபின் அதன் கடினத்தால் பயன் இல்லை. உபயோகமற்ற கணக்கை மூடாது விடுதல் பூட்டில்லாத புறக்கதவுக்குச் சமமாகும்.

பாதுகாப்பான சுரங்கவழி

வாயிலை நேரே திறப்பதற்குப் பதிலாக உபயோகிக்கத்தக்கது 'வி.பி.என்.' எனப்படும் மெய்நிகர் தனி வலைப்பின்னல். பொது இணையத்தின் ஊடே இரு முனைகளுக்கும் இடையே ஒரு சுரங்கவழி அமைப்பது போன்றது இது. இச்சுரங்கவழி மூன்று காரியங்களைச் செய்கின்றது. செல்லும் செய்தியை இடையிலுள்ளோர் படிக்க இயலாதபடி மறைக்கின்றது. செய்தி இடையில் மாற்றப்பட்டால் அதைக் கண்டுபிடிக்கின்றது. இணைய வருபவரிடம் தக்க திறவுகோல் உளதா என்று சோதித்த பின்னரே வழிவிடுகின்றது.

ஒருவரையொருவர் நேரில் காணாத இரு கணினிகள், பிறர் கேட்டுக்கொண்டிருக்கும் பொதுவழியில் பேசியே, எங்ஙனம் ஓர் இரகசியத் திறவுகோலை உண்டாக்கிக்கொள்கின்றன என்னும் வினா எழலாம். இதற்கு 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வழி காட்டினர். வகுப்பில் இரு மாணவரைக் கொண்டு இதனைச் செய்து காட்டலாம்.

17, 3 என்னும் இரண்டு எண்களைக் கரும்பலகையில் எல்லாரும் காண எழுதுக. முதல் மாணவர் 5 என்னும் எண்ணை இரகசியமாக நினைத்துக்கொள்கின்றார். 3இன் ஐந்தாம் அடுக்கு 243. அதை 17ஆல் வகுத்தால் மீதி 5. அம்மீதியை உரக்கச் சொல்கின்றார். இரண்டாம் மாணவர் 7 என்னும் எண்ணை இரகசியமாக நினைக்கின்றார். 3இன் ஏழாம் அடுக்கு 2,187. 17ஆல் வகுத்தால் மீதி 11. அவரும் அதனை உரக்கச் சொல்கின்றார். இப்போது முதல் மாணவர், தாம் கேட்ட 11ஐ, தம் இரகசிய எண்ணாகிய 5இன் அடுக்கிற்கு உயர்த்துகின்றார். கிடைப்பது 1,61,051, 17ஆல் வகுத்தால் மீதி 10. இரண்டாமவர் தாம் கேட்ட 5ஐ ஏழாம் அடுக்கிற்கு உயர்த்துகின்றார். கிடைப்பது 78,125, 17ஆல் வகுத்தால் மீதி அதே 10. இருவரும் 10 என்னும் பொது இரகசியத்தை அடைந்துவிட்டனர். ஆனால் அவ்வெண்ணை எவரும் உரக்கச் சொல்லவில்லை.

17 சிறிய எண்ணாதலால் வகுப்பிலுள்ள மற்ற மாணவர் சில முயற்சிகளில் இரகசியத்தைக் கண்டுபிடித்துவிடுவர். நடைமுறையில் இம்முறைக்கு 600 இலக்கங்களுக்கும் மேற்பட்ட எண்களை உபயோகிக்கின்றனர். அல்லது இதே தத்துவத்தை வேறு கணித அமைப்பில் கையாளுகின்றனர். இங்ஙனம் கிடைத்த பொதுத் திறவுகோலைக் கொண்டு செய்திகள் மறைக்கப்படுகின்றன. 2001 நவம்பரில் அமெரிக்க அரசு நியமமாக அறிவித்த 'ஏ.இ.எஸ்.' என்னும் முறை அதற்குப் பெரிதும் உபயோகமாகின்றது. பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் அமைத்த அம்முறையின் 128 பிட் வகையில், இயலக்கூடிய திறவுகோல்களின் தொகை ஏறத்தாழ 34ஐ எழுதி அதன்பின் 37 சுழியங்களை இட்ட எண்ணாகும்.

மேற்கூறிய வகுப்புப் பயிற்சியில் ஒரு குறையை ஆசிரியர் சுட்டிக்காட்டவேண்டும். இடையில் நின்ற மூன்றாம் மாணவர் ஒருவர், இரு பக்கமும் தாமே மற்றவர் என்று நடித்தால், இருவரும் அவருடனேயே இரகசியம் பேசுவர். ஆகவே எதிரில் இருப்பவர் யார் என்பதை உறுதிசெய்தல், செய்தியை மறைப்பதற்கு முன் நிறைவேற வேண்டிய காரியமாகும். இதன்பொருட்டே நல்ல வி.பி.என். முறைகள் ஒவ்வொரு சாதனத்திற்கும் தனித் திறவுகோலையோ சான்றிதழையோ முன்னரே பதிவு செய்யச் சொல்கின்றன.

முறைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 1990களில் பரவிய 'பி.பி.டி.பி.' என்னும் முறை பழைய ரவுட்டர்களில் இன்றும் காணப்படலாம். அதன் காவல் உடைக்கத்தக்கது என்பது நிறுவப்பட்டுவிட்டது. அதனைக் கைவிடுதல் வேண்டும். 'ஐ.பி.செக்', 'ஓப்பன் வி.பி.என்.', 'வயர்கார்டு' ஆகியவை இன்று தக்கவை. இவற்றுள் வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவின் 5.6ஆம் பதிப்போடு சேர்க்கப்பட்டது. பதிவு பெற்ற திறவுகோல் இன்றி வரும் செய்திகளுக்கு அது விடையே அளிப்பதில்லை. ஆகவே கதவுகளைத் தள்ளிப் பார்க்கும் யந்திரத்திற்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. இம்மென்பொருளுக்கு விலை இல்லை.

இரண்டாம் சான்று

திறவுகோல் உள்ள மடிக்கணினியே களவுபோனால் என்ன செய்வது? அதற்காகவே இரண்டாம் சான்று வேண்டப்படுகின்றது. ஒருவர் அறிந்த ஒன்றும் அவர் கையில் வைத்திருக்கும் ஒன்றும் சேர்ந்தே அவரை அடையாளம் காட்டவேண்டும் என்பது இதன் தத்துவம். வங்கிக்குச் செல்லும் மக்கள் ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் குறியீட்டை அறிவர்.

குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைவிட, கைப்பேசியிலேயே ஒரு செயலி உண்டாக்கும் குறியீடு மேலானது. மோசடியாக வேறொரு சிம் அட்டை பெற்றவனுக்கு அது கிடைப்பதில்லை. செயலி செய்வது யாதெனில், முதல் நாளில் அலுவலகச் சாதனமும் கைப்பேசியும் ஓர் இரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. பின்னர் ஒவ்வொரு 30 விநாடிக்கும், அவ்வெண்ணையும் அந்நேரத்தையும் சேர்த்து இரண்டும் தனித்தனியே கணக்கிட்டு, ஆறு இலக்கக் குறியீட்டை அடைகின்றன. கைப்பேசியில் இணையம் இல்லாதபோதும் குறியீடு தோன்றுவதன் காரணம் இதுவே. இரு கடிகாரங்களும் ஒத்திருத்தல் மட்டும் அவசியம். ஆறு இலக்கத்தில் பத்து இலட்சம் குறியீடுகள் சாத்தியம். ஐந்து பிழைக்குப்பின் கணக்கைப் பூட்டிவிடும்படி அமைத்தால், ஊகித்து நுழைதல் அரிதாகிவிடும்.

இம்முறையும் பூரணமானதன்று. போலி இணையதளத்தில் கணக்கர் தாமே குறியீட்டை இட்டுவிட்டால், திருடன் அந்த 30 விநாடிக்குள் அதனை உபயோகித்துவிடலாம். தொலைபேசியில் அன்பாகப் பேசித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் செய்து பணத்தைக் கவரும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. யூ.எஸ்.பி. வாயிலில் செருகும் பாதுகாப்புச் சாவிகள் இணையதளத்தின் உண்மைப் பெயரோடு பிணைக்கப்பட்டவை. போலித் தளத்திற்கு அவை விடை தருவதில்லை. முதலாளிக்கும் கணக்கருக்குமாவது இவற்றை வாங்கிக் கொடுத்தல் நன்று.

யாருக்கு எந்த அறை?

சுரங்கவழி பாதையைக் காக்கின்றது. அப்பாதையில் வந்தவர் உள்ளே எங்கெங்கு செல்லலாம் என்பதை அது தானாக வரையறுப்பதில்லை. ராஜ்கோட் பட்டறையில் பழுதுபார்ப்பவரின் மடிக்கணினியில் தீய மென்பொருள் இருந்தால், அது சுரங்கவழியாகவே பட்டறைக்குள் வந்து, கடைசல் யந்திரத்திலிருந்து கணக்குக் கணினிக்குத் தாவக்கூடும்.

2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் 'டார்கெட்' என்னும் பெரிய கடைத் தொகுதியிலிருந்து ஏறத்தாழ நான்கு கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் களவாடப்பட்டன. குற்றவாளிகள் முதலில் கவர்ந்தது, அக்கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்துவந்த ஒரு சிறு ஒப்பந்ததாரரின் அனுமதிச் சொற்களையே. பட்டியல் அனுப்புவது போன்ற அலுவல்களுக்காக அவருக்கு அளிக்கப்பட்ட வழி, இறுதியில் பணம் பெறும் யந்திரங்கள்வரை செல்ல உதவியது. சிறு நிலையம் தன்னை மட்டுமன்றித் தன் வாடிக்கையாளரையும் காக்கவேண்டிய பொறுப்புடையது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நம் நாட்டில், 2022 நவம்பர் 23ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவ நிலையத்தின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாயின. ஐந்து சர்வர்களில் இருந்த தரவுகள் பூட்டப்பட்டன. நோயாளிகளின் பதிவு முதலிய பணிகள் பல நாட்கள் கையால் எழுதி நடத்தப்பட்டன. வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படாமையே தாக்குதலுக்கு இடமளித்தது என்று நாடாளுமன்றத்தில் அரசு விடையளித்தது.

இதற்குப் பரிகாரம் வலைப்பின்னலைப் பகுத்தலாகும். கப்பலின் அடித்தளத்தைப் பல அறைகளாகத் தடுப்பதால், ஓரறையில் நீர் புகுந்தாலும் கப்பல் மூழ்குவதில்லை. அவ்வண்ணமே கணக்குக் கணினிகள் ஒரு பகுதி, பட்டறை யந்திரங்கள் ஒரு பகுதி, விருந்தினர் வை-பை ஒரு பகுதி என ரவுட்டரிலேயே பிரித்துவிடலாம். பின்னர், தொலைவிலிருந்து வருபவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய பகுதி மட்டும் திறக்கப்படவேண்டும். தணிக்கையாளரின் அனுமதி தணிக்கை முடிந்த நாளில் முடியவேண்டும். பழுதுபார்ப்பவரின் அனுமதி அவர் கேட்கும்போது கொடுக்கப்பட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் பெறப்படவேண்டும். எவர், எதற்கு, எவ்வளவு காலம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத அனுமதி எதுவும் இருத்தலாகாது.

பராமரிப்பும் சேமப் பிரதியும்

வி.பி.என். சாதனமும் ஒரு கணினியே. அதிலும் குறைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆகவே அதற்கும் ரவுட்டருக்கும் வெளியாகும் திருத்தங்களை உடனுக்குடன் இடவேண்டும். திருத்தம் வெளியாவது நின்றுபோன சாதனத்தை மாற்றவேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவடைந்தது என்பதை முதலாளிகளுக்கு நினைவூட்டுதல் அவசியம்.

எல்லாக் காவலும் தவறிய நாளுக்கென்று சேமப் பிரதி வேண்டும். அது எப்போதும் கணினியோடு இணைந்தே இருந்தால், கணினியைப் பூட்டுபவன் அதனையும் பூட்டிவிடுவான். ஆகவே ஒரு பிரதியேனும் இணைப்பிலிருந்து கழற்றி, வேறிடத்தில் வைக்கப்படவேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கணக்கை மீட்டுப் பார்த்தல் நன்று. மீட்டுப் பாராத பிரதியை நம்பியிருத்தல் தகாது.

தாமே இவற்றைப் பராமரிக்க ஆளில்லாத நிலையங்கள், கணக்கு மென்பொருளை நம்பகமான நிறுவனத்தின் மேகச் சேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது அலுவலகத்தில் வாயில் திறக்கும் தேவை குறையும். ஆயினும் எவரிடமிருந்து உள்நுழையினும் ஏற்கும் சேவையாதலால், இரண்டாம் சான்று அங்கே இன்னும் மிகுதியாக வேண்டப்படும்.

பதிவேடும் சட்டமும்

யார், எப்போது, எங்கிருந்து இணைந்தார் என்னும் பதிவுகளைச் சாதனம் தானே எழுதிவரும். அவற்றை வாரம் ஒருமுறை படித்தால், நள்ளிரவில் கணக்கர் பெயரில் வேறு நாட்டிலிருந்து நிகழ்ந்த இணைப்பு போன்றவை கண்ணில் படும்.

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவாகிய 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28ஆம் தேதி வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்கவேண்டும். ஆயத்தமாவதற்குக் குறு, சிறு, நடுத்தர நிலையங்களுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் அளிக்கப்பட்டிருந்தது. கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கவேண்டும் என்பதும் அவ்வுத்தரவில் அடங்கும். இந்திய நியம நேரத்தைப் பேணிவருவது புதுதில்லியிலுள்ள இவ்வாய்வுக்கூடமே. வெவ்வேறு சாதனங்களின் பதிவுகள் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றினால்தான், எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்று ஆராய இயலும். ஊழியர், வாடிக்கையாளர் ஆகியோரின் சொந்த விவரங்களைக் காக்கும் பொறுப்பை 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகின்றது.

பணம் களவுபோயிருந்தால், 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்கு உடனே அறிவித்தல் வேண்டும். தாமதமின்றி அறிவித்தால் பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு உண்டு. பாதிப்புற்ற கணினியை வலைப்பின்னலிலிருந்து பிரித்துவிடுக, பதிவுகளை அழித்துவிடலாகாது. மீட்புத் தொகை கொடுத்தாலும் தரவுகள் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

கள அலுவலர் கேட்டறிய வேண்டியவை

ஒரு நிலையத்திற்குச் செல்லும் அலுவலர் பின்வரும் வினாக்களை அதே வரிசையில் கேட்கலாம். முதல் நான்கிற்குத் தக்க விடை கிடைக்காவிட்டால், மற்றவற்றிற்கு முன் அவற்றைச் சீர்செய்யச் சொல்லவேண்டும்.

1. ரவுட்டரில் வெளியுலகிற்குத் திறந்துள்ள வாயில்கள் எவை? ஒவ்வொன்றையும் யார், எதற்காகத் திறந்தார்?
2. தொலைவிலிருந்து வருவோர் அனைவருக்கும் இரண்டாம் சான்று உண்டா?
3. விலகிய ஊழியர், முடிந்த ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் கணக்குகள் மூடப்பட்டனவா?
4. இணைப்பிலிருந்து கழற்றிய சேமப் பிரதி உண்டா? அதிலிருந்து கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்போது?
5. ரவுட்டர் வாங்கியபோது இருந்த கடவுச்சொல் மாற்றப்பட்டதா?
6. ஒருவர்க்கு ஒரு கணக்கு என்னும் விதி உண்டா? பலர் ஒரே கணக்கைப் பகிர்கின்றனரா?
7. பட்டறை யந்திரங்களும் கணக்குக் கணினிகளும் தனித்தனிப் பகுதிகளில் உள்ளனவா?
8. திருத்தங்களை இடும் பொறுப்பு எவருடையது? அவர் இல்லாதபோது யார்?
9. தாக்குதல் நேர்ந்தால் முதலில் யாரை அழைப்பது என்பது தாளில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றதா?

இறுதி வினாவுக்குரிய விடை தாளில் இருப்பதே முறை. கணினி பூட்டப்பட்ட நாளில் கணினிக்குள் இருக்கும் குறிப்பு பயன்படாது.

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை பணச்செலவைவிடக் கவனத்தையே வேண்டுபவை. வாயிலை மூடுவதற்கும், பழைய கணக்குகளை நீக்குவதற்கும், கைப்பேசியில் குறியீட்டுச் செயலியை நிறுவுவதற்கும் ஒரு பிற்பகல் போதும். ஆனால் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடத்தக்கவை அல்ல. கொதிகலனைக் குறித்த காலத்தில் சோதிப்பது போன்றே, தொலைவழிகளையும் குறித்த காலத்தில் சோதிக்கும் வழக்கம் ஒவ்வொரு தொழில் நிலையத்திலும் நிலைபெற வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. வாயில் எண்ணை 3389இலிருந்து வேறொன்றுக்கு மாற்றுவது ஏன் போதிய பாதுகாப்பாகாது?
2. 17, 3 என்னும் எண்களையே கொண்டு, இரகசிய எண்கள் 4, 6 ஆக இருக்கும்போது கிடைக்கும் பொது இரகசியத்தைக் காண்க. இருவரும் அதே எண்ணை அடைகின்றனரா என்று சரிபார்க்க.
3. கைப்பேசிக் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தினால் குறியீட்டுச் செயலிக்கு நேர்வது யாது?
4. ராஜ்கோட் எடுத்துக்காட்டில் வரும் நால்வருக்கும் அளிக்கத்தக்க அனுமதிகளை, இடம், காலம் ஆகியவற்றைக் குறித்து அட்டவணையாக எழுதுக.
5. உமது பயிற்சி நிலையத்தின் கணினிக்கூடத்தில் எவரெவர் தொலைவிலிருந்து நுழைய இயலும் என்பதை விசாரித்து, தேவையற்ற வழிகள் உளவாயின் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க.